லென்ஸில் இறங்கிய பனி

வணக்கம் சார்,

மார்கழிக் கடைசியில் ஏற்காடு போய், கீழே சேலம் தெரியும் லேடீஸ் சீட் காட்சி முனையில் இரவுப் படம் எடுத்தேன். 24 மெகாபிக்சல் கிராப் சென்சார் (சிறிய வகை சென்சார்) கேமரா, அதோடு வந்த 18-55 லென்ஸ். லென்ஸ் துளை எஃப் 3.5 (எண் சிறிதானால் துளை பெரிது), ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 1600, படத்துக்கு 30 வினாடி. முதல் அரை மணி நேரம் பரவாயில்லை. பிறகு சேலத்து விளக்குகளைச் சுற்றிப் புகை மாதிரி வளையம் வந்தது, கடைசிப் படங்கள் வெறும் வெள்ளை. நட்சத்திரங்கள் அரிசி மாதிரி நீண்டிருக்கின்றன. ஊர் முழுக்க வெளுத்துவிட்டது. ஒவ்வொரு படத்துக்கும் பிறகு கேமரா அரை நிமிடம் எதற்கும் அசையவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு பேட்டரி காலி. கேமராவுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லையா? எஃப் 1.4 லென்ஸ் வாங்கினால் சரியாகுமா?

ஒரு வாசகர், அம்மாபேட்டை, சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

லென்ஸ் இப்போது வேண்டாம். ஏற்காட்டு மார்கழி இரவின் பத்து, பன்னிரண்டு டிகிரியை எந்தக் கேமராவும் தாங்கும். சென்சாருக்குக் குளிர் நல்லதும்கூட. ஆறேழு டிகிரி இறங்கினால் சூட்டினால் வரும் இரைச்சல், அதாவது படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகள், ஏறக்குறையப் பாதியாகிவிடும். இதே 30 வினாடியைச் சித்திரையில் சேலத்து மொட்டைமாடியில் எடுத்துப் பாருங்கள், சிவப்பும் நீலமுமாகப் பொடி தூவியிருக்கும். உங்களைக் கவிழ்த்தது ஈரம்.

வளையம், அப்புறம் வெள்ளை என்ற வரிசையே அதைச் சொல்லிவிடுகிறது. தெளிந்த வானத்தின் கீழே லென்ஸின் முன் கண்ணாடி தன் சூட்டை வானத்துக்கு இறைத்துக்கொண்டே இருக்கும். அதனால் சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். காற்று 14 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்றால், கண்ணாடி ஒன்றரை டிகிரி கூடுதலாகக் குளிர்ந்தாலே போதும், பனி படிய ஆரம்பித்துவிடும். காலையில் பைக் சீட் நனைந்திருக்கிறதே, அதே கதைதான். மேகமில்லாத, காற்றசையாத இரவு நட்சத்திரத்துக்கு எவ்வளவு நல்லதோ லென்ஸுக்கு அவ்வளவு கெட்டது.

துடைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். துடைக்காதீர்கள். கண்ணாடி இன்னும் குளிர்ந்தே இருப்பதால் சில நிமிடத்தில் மறுபடி படியும், இடையில் தூசியைத் தேய்த்துக் கீறலும் விழும். படியாமல் தடுப்பதுதான் வழி. யுஎஸ்பியில் ஓடும் லென்ஸ் ஹீட்டர் பட்டை விற்கிறார்கள், 5 வோல்ட், 5 முதல் 10 வாட். முன் கண்ணாடியை ஒட்டிச் சுற்றுங்கள், ஃபோகஸ் வளையத்தின் மேல் ஏறக்கூடாது. 5 வாட் என்றால் 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஐந்தாறு மணி நேரம் வரும். பனி வந்த பிறகு போடுவதில் பெரிய பயன் இல்லை, கேமராவை முக்காலியில் ஏற்றியதுமே போட்டுவிடுங்கள். கண்ணாடி காற்றைவிட ஒன்றிரண்டு டிகிரி சூடாக இருந்தால் போதும், பட்டையைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அது இல்லையென்றால் மலையேறுகிறவர்கள் கை சூட்டுக்கு வைத்துக்கொள்ளும் இரும்புத்தூள் பொட்டலம் இரண்டை ரப்பர் பேண்டில் கட்டலாம். ஆனால் அது காற்று பட்டால்தான் சூடாகும், மேலே மஃப்ளரை இறுக்கிச் சுற்றினால் அணைந்துவிடும். லென்ஸின் முன்னே மாட்டும் வளையமான ஹூடும் கொஞ்சம் கைகொடுக்கும், கண்ணாடிக்குத் தெரியும் வானம் குறைகிறதல்லவா. கால் மணிக்கு ஒருமுறை டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள். மங்கல் அதில் உடனே தெரியும், கேமராத் திரையில் தெரிவதற்குள் இருபது படம் போயிருக்கும்.

அரை நிமிடம் அசையாமல் நின்றது பழுதல்ல. நெடுநேரப் படத்துக்கான இரைச்சல் நீக்கம் மெனுவில் ஆனில் இருக்கிறது. 30 வினாடி எடுத்ததும் ஷட்டரை மூடிக்கொண்டு இன்னொரு 30 வினாடி இருட்டை எடுத்து, முதல் படத்திலிருந்து கழிக்கும். அந்தக் குளிரில் அது தேவையே இல்லை, அணைத்துவிடுங்கள். பேட்டரியின் பாதிக் கதையும் இங்கேதான். பத்து டிகிரியில் பேட்டரி சற்றுச் சோரும், சாகாது. உங்களுடையதைத் தின்றவை இந்த இருட்டுப் படமும், எப்போதும் எரிந்த திரையும், ப்ளூடூத்தும். மாற்றுப் பேட்டரியைச் சட்டையின் உள்பையில் வையுங்கள்.

அரிசிக்கு வருவோம். பூமி ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி சுழல்கிறது. உங்கள் கேமராவில் 18 எம்எம்மில் 30 வினாடிக்கு ஓரியன் விண்மீன் கூட்டத்தின் இடுப்புப் பட்டை சுமார் 10 பிக்சல் நகர்ந்துவிடும். 12 வினாடியில் 4 பிக்சல், சாதாரண அளவில் பார்த்தால் புள்ளியாகவே இருக்கும். எத்தனை வினாடி வைக்கலாம் என்பதற்கு 500ஐ ஃபோகல் தூரத்தால் (லென்ஸின் எம்எம் அளவு) வகுக்கும் பழைய கணக்கு ஃபிலிம் காலத்துக்குச் சரி, 24 மெகாபிக்சலுக்கு 300 வைத்து வகுங்கள். கிராப் சென்சாருக்கு 18ஐ 1.5ஆல் பெருக்கி 27, ஆகவே 11 வினாடி. குறையும் வெளிச்சத்துக்கு ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றலாம்.

ஆனால் அதிலும் சேலம் வெளுக்கவே செய்யும். ஊர் விளக்குக்கு எஃப் 8, ஐஎஸ்ஓ 100, 10-15 வினாடி போதும். நட்சத்திரத்துக்கு எஃப் 3.5, ஐஎஸ்ஓ 3200 வேண்டும். நேரம் ஒன்றாகவே இருந்தாலும் இரண்டுக்கும் 160 மடங்குக்கு மேல் வித்தியாசம், ஒரே படத்தில் அடங்காது. முக்காலியை அசைக்காமல் தனித்தனியாக எடுத்துச் சேர்ப்பதுதான் வழி. கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி விளக்குக் கோடு வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ 100லேயே 30 வினாடி வையுங்கள், எஃப் 11.

நட்சத்திரம்தான் குறி என்றால் லேடீஸ் சீட் சரியான இடம் இல்லை. சேலம் தெற்கே, நேர்கோட்டில் பதினைந்து கிலோமீட்டருக்குள் எரிகிறது. அகத்திய நட்சத்திரம் அந்த வெளிச்சத்துக்கு மேலே இருபத்தைந்து டிகிரியில் நிற்பது அழகுதான், மற்றதெல்லாம் மங்கிவிடும். வடக்கு திறந்த இடம் தேடுங்கள். ஆனால் இங்கே துருவ நட்சத்திரம் சுமார் 12 டிகிரி உயரத்தில்தான், நீட்டிய கையின் ஒரு முஷ்டிக்குச் சற்று மேல். சில்வர் ஓக் மரம் ஒன்று நின்றாலே மறைத்துவிடும். அதைச் சுற்றி நட்சத்திரங்கள் வரையும் பெரிய வட்டங்கள் முழுதாகக் கிடைக்காது, பாதி வட்டம்தான். காப்பித் தோட்டத்துக்குள் சொல்லாமல் இறங்க வேண்டாம். தோட்டக்காரர் மட்டுமல்ல, காட்டெருமையும் இருக்கும்.

ஃபோகஸுக்கு: வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, மிகச் சிறிய புள்ளியாகும் வரை கையால் திருப்புங்கள். லென்ஸ் குளிர்ந்தபின் இது நகரும், மணிக்கொருமுறை பார்க்க வேண்டும். இந்த வகை லென்ஸ் சிலவற்றில் கேமராவை அணைத்தாலே ஃபோகஸ் போய்விடும். முக்காலியைக் கம்பித் தடுப்போடு சாய்க்காதீர்கள், யாராவது கை வைத்தாலே படம் ஆடும். பாறையில் நிறுத்தி, கை ஆட்டத்தைத் தணிக்கும் ஸ்டெபிலைசரை அணையுங்கள்.

கிளம்பும்போது கார்டை எடுத்துக்கொண்டு, குளிர்ந்த கேமராவை அங்கேயே ஜிப் பையில் காற்று பிதுக்கி மூடுங்கள். அம்மாபேட்டை வந்ததும் திறக்காதீர்கள். வீட்டுக் காற்றின் ஈரம் பையின் வெளியே படியட்டும், இரண்டு மணி நேரம் கழித்துப் பிரித்தால் போதும். பிறகு சிலிக்கா ஜெல் போட்ட டப்பா. அரிசியில் புதைக்கச் சொல்வார்கள், அதன் மாவுத் தூசி லென்ஸ் வளையத்துக்குள் போய்விடும்.

அடுத்த முறைக்கு மார்கழியைவிடத் தை, மாசி அமாவாசையைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்து வானம் தெளிந்திருக்கும்.