சக விசுவாசி கடனைத் தராவிட்டால் சபையிடம் போவதா, நீதிமன்றம் போவதா?

ஒரே சபையைச் சேர்ந்தவர் கடன் வாங்கிவிட்டுத் திருப்பித் தரவில்லை. வழக்குப் போட்டால் 1 கொரிந்தியர் 6-இல் பவுல் கண்டித்த குற்றத்துக்கு ஆளாவோமோ என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயம் வேண்டாம், அவசரமும் வேண்டாம். அங்கே பவுல் பேசுவது "அற்ப வழக்குகள்" பற்றி. சகோதரருக்கு இடையிலான வழக்கைத் தீர்த்துவைக்க உங்களுக்குள் ஒரு விவேகிகூடவா இல்லை என்கிறார். நீதிமன்ற வாசலே மிதிக்கக்கூடாது என்பது அவர் கருத்தாக இருந்தால், அப்போஸ்தலர் 25-இல் அவரே இராயனுக்கு அபயமிட்டிருக்க (ரோமப் பேரரசரிடம் மேல்முறையீடு செய்திருக்க) மாட்டார்.

முதலில் மத்தேயு 18-ஐ எடுங்கள். தனியாகப் பேசு, கேட்காவிட்டால் இரண்டொருவரை அழைத்துப் போ, அதற்கும் அசையாவிட்டால் சபைக்குச் சொல். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். 'ஜெபக் குறிப்பு' என்ற பெயரில் விஷயம் சபை முழுக்கப் பரவிய பிறகுதான் சம்பந்தப்பட்டவர் காதுக்கே போகிறது. அதன்பின் அவர் சபையை வழிநடத்தும் மூப்பர்கள் முன்னால் வந்து உட்காருவது மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

கூட்டுத் தொழிலில் பிரிந்த இருவருக்காக மூப்பர்கள் கூடியபோது நானும் சாட்சியாக உட்கார்ந்திருக்கிறேன். மூப்பர்களில் மூத்தவர் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. ஒருவருடைய மனக்குறையை மற்றவர் தம் வாயால் எடுத்துச் சொல்லவேண்டும். 'ஆம், அதுதான்' என்று குறையுள்ளவர் ஒப்புக்கொள்ளும்வரை பதில் பேசக்கூடாது என்றார். பணக் கணக்கு சீக்கிரமே முடிந்தது. "என்னைக் கேட்காமல் என் மகனை வேலையைவிட்டு நிறுத்தினாய்" என்ற வார்த்தை வெளியே வரத்தான் மாலையாகிவிட்டது.

ஆனால் சபையின் அதிகாரத்துக்கும் எல்லை உண்டு. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில் ஆயர்களின் தீர்ப்புக்கு அரசே சட்ட வலு கொடுத்தது. பிறகு 398-இல் வந்த சட்டம், இருதரப்பும் சம்மதித்தால்தான் வழக்கு ஆயரிடம் போகலாம் என்றது. இன்றும் அதுவே நியாயம். எதிராளி போதகருக்கு உறவினர் என்றால், வேறு மூப்பரைக் கேட்கத் தயங்காதீர்கள். பட்சபாதம் கூடாதென்று 1 தீமோத்தேயு 5 சொல்வது இப்படிப்பட்ட இடத்துக்கும் பொருந்தும். அடிதடி, பாலியல் கொடுமை, குழந்தைகளுக்கு எதிரான குற்றம் என்றால் நேரே காவல்துறைதான். அதைச் 'சபைக்குள் முடித்துக்கொள்வோம்' என்பவர் சமாதானம் செய்யவில்லை, மூடிமறைக்கிறார்.

உங்கள் விஷயத்தில், மூப்பர்கள் முன்னால் பேசி முடிப்பதை எழுத்தில் வாங்குங்கள்: எவ்வளவு, எந்தத் தேதிக்குள், தவறினால் என்ன, இருவர் கையெழுத்தும் சாட்சிகள் கையெழுத்தும். நட்டத்தைப் பொறுத்துக்கொண்டால் என்ன என்றும் பவுல் கேட்கிறார்தான். அது நீங்கள் உங்களைக் கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி, வாங்கியவர் உங்களிடம் எடுத்துக்காட்டவேண்டிய வசனமல்ல. கடன் வழக்குக்குச் சட்டத்தில் காலவரம்பு இருக்கும். அடுத்த கூட்டம், அதற்கடுத்த கூட்டம் என்று இழுத்தால் அது கடந்துவிடும்; உங்களுக்குரிய கடைசித் தேதியை ஒரு வழக்கறிஞரிடம் இப்போதே கேட்டுவைத்துவிட்டு, மூப்பர்களிடமும் அதைச் சொல்லிவிடுங்கள்.