லண்டனில் ஓட்டுப் போடலாமா, பள்ளிவாசல் அமைப்புகளோடு சேரலாமா?

வ அலைக்கும் ஸலாம் தம்பி. வேலை விசாவில் புதிதாக லண்டன் வந்திருக்கிறீர்கள், ஜும்ஆ முடிந்து வாசலுக்கு வந்தால் ஒருவர் ஓட்டுப் போடுவதே ஹராம் என்கிறார், இன்னொருவர் வாக்காளராகப் பதியச் சொல்கிறார், இந்தியப் பாஸ்போர்ட்காரன் இதிலெல்லாம் தலையிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் பதியுங்கள். இந்தியா காமன்வெல்த் நாடு என்பதால், முறையான விசாவோடு இங்கே குடியிருப்பவர் உள்ளூர் கவுன்சில் முதல் நாடாளுமன்றம் வரை ஓட்டுப் போடலாம், பிரிட்டிஷ் குடியுரிமை தேவையில்லை. விசாவுக்கு ஒரு பாதகமும் வராது. வாக்குச்சாவடியில் உங்கள் இந்தியப் பாஸ்போர்ட்டையே காட்டலாம். பிரான்ஸ், ஜெர்மனியில் இருக்கும் நம் ஆட்களுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கும்வரை இது கிடையாது. ஓட்டுப் போடுவது ஹராம் என்று சொல்லிவந்த ஹிஸ்புத் தஹ்ரீர் என்ற இயக்கம் 2024 ஜனவரியில் (வேறு காரணத்துக்காக) பயங்கரவாதச் சட்டத்தில் தடை செய்யப்பட்டது. அவர்கள் பக்கமே போகாதீர்கள், ஆதரித்தாலே குற்றம்.

மார்க்கத்தில் கறாராக இருப்பவர்கள் பொதுவாழ்க்கையிலிருந்து ஒதுங்கித்தான் இருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். வைட்சேப்பல் ஈஸ்ட் லண்டன் பள்ளிவாசல்காரர்கள் சர்ச்சுகளோடும் தொழிற்சங்கங்களோடும் ‘டெல்கோ’ கூட்டமைப்பில் சேர்ந்தவர்கள். அந்தக் கூட்டமைப்புதான் 2001-ல் வாழ்வதற்குப் போதுமான கூலி வேண்டும் என்ற போராட்டத்தைத் தொடங்கியது. 2003-ல் எச்எஸ்பிசி வங்கியின் பங்குதாரர் கூட்டத்தில், அதே வங்கியில் ராத்திரி துப்புரவு வேலை பார்த்த ஒருவர் எழுந்து நின்று, நானும் உங்கள் அலுவலகத்தில்தான் வேலை செய்கிறேன் என்று தலைவரிடம் நேருக்கு நேர் நியாயம் கேட்டார். பின்னால் கூலி உயர்ந்தது. நம் ஜமாஅத்துகள் செய்ய வேண்டிய வேலை இதுதான் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

ஆனால் யாருக்கு ஓட்டு என்பதை மட்டும் இமாமிடம் கேட்காதீர்கள். கிழக்கு லண்டனில் உள்ள டவர் ஹாம்லெட்ஸ் பகுதியின் 2014 மேயர் தேர்தலில், அதில் ஜெயித்த லுத்ஃபுர் ரஹ்மானை ஆதரித்து 101 இமாம்களும் ஆலிம்களும் கையெழுத்திட்ட கடிதம் வங்காளப் பத்திரிகையில் வந்தது. மறுவருடம் தேர்தல் நீதிமன்றம் அந்த வெற்றியையே ரத்து செய்தபோது, மார்க்கத்தின் பெயரால் வாக்காளர்களை நெருக்கியதையும் ஒரு காரணமாகச் சொன்னது. (2022-ல் மக்கள் அவரையே திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள், அது வேறு.)

அப்புறம், உங்கள் மனைவி வந்ததும் அவரையும் பதியச் சொல்லுங்கள், கூட்டங்களுக்கும் கூட்டிப் போங்கள். இங்குள்ள பள்ளிவாசல்கள், முஸ்லிம் அமைப்புகளின் கூட்டமைப்பான முஸ்லிம் கவுன்சில் ஆஃப் பிரிட்டன் 1997-ல் தொடங்கியது, முதல் பெண் பொதுச்செயலாளர் வர 2021 ஆகிவிட்டது. பள்ளிவாசல் கமிட்டிகளில் பெண்கள் இன்னும் குறைவு. எனக்கு இதில்தான் பெரிய வருத்தம்.