டியூப் மைக் வாங்கலாமா? மலையக வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கொஞ்ச நாட்களாக எனக்கு வரும் கேள்விகளில் நிறைய டியூப் மைக் பற்றியவை. உள்ளே சூடாகும் சிறு கண்ணாடிக் குழாய் (வால்வு) ஒன்றால் ஒலியின் மின்னலையைப் பெருக்கும் மைக் அது; பெரும்பாலும் தனி பவர் சப்ளையோடு வரும். வீட்டில் ஒரு அறையை ஒதுக்கி, கோயில் பாடல்களும் சொந்தப் பாடல்களும் பதிவு செய்யும் பிள்ளைகள் நம் பக்கத்தில் பெருகிவிட்டார்கள். பெரிய காசு போட்டு வாங்கும் சாமான் என்பதால் அவர்களுக்குத் தயக்கம் இருப்பது நியாயம்தான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

அண்ணா, நான் பக்திப் பாடல்கள் பாடிப் பதிவு செய்கிறேன். என்னிடம் இருக்கும் சாதாரண (டியூப் இல்லாத) கண்டென்சர் மைக்கில் குரல் மெலிந்து, கூராகக் கேட்கிறது. டியூப் மைக் வாங்கினால் குரலுக்குக் கனமும் குழைவும் வந்துவிடுமா? (ஹட்டன்)

வரலாம். ஆனால் அது டியூப்பினால் வரும் என்று நம்பிக் காசை எண்ணிக் கொடுக்காதீர்கள், தம்பி. ஒரு மைக் எப்படிக் கேட்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதன் கேப்ஸ்யூல், அதாவது ஒலியை முதலில் வாங்கும் பகுதி. அடுத்தது உள்ளிருக்கும் சர்க்யூட்டும் வெளியே அனுப்பும் டிரான்ஸ்போமரும். ஒழுங்காகச் செய்த மைக்கில், சாதாரணமாகப் பாடும் சத்தத்துக்கு டியூப் தன் பங்குக்குச் சேர்க்கும் நிறம் மிகக் கொஞ்சம்தான்.

உங்கள் மைக்கில் அந்தக் கூர்மை எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். நியூமன் நிறுவனம் 1960இல் யூ 67 என்ற டியூப் மைக்கைக் கொண்டுவந்தது. அதன் கேப்ஸ்யூல் மேல் ஒலிகளைத் தூக்கியே கொடுக்கும். சர்க்யூட் அந்தத் தூக்கலை இறக்கிச் சமன் செய்யும். இரண்டும் சேர்ந்தால்தான் அது யூ 67. இன்று மலிவாகக் கிடைக்கும் மைக்குகளில் பல, அந்தக் கேப்ஸ்யூலின் அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு சமன் செய்யும் பகுதியை விட்டுவிட்டன. அதனால்தான் "சரவணபவ" என்று பாடும்போது ஒவ்வொரு சகரமும் காதில் தைக்கிறது. அதே கேப்ஸ்யூலுக்குப் பின்னால் ஒரு டியூப்பை வைத்து விற்றாலும் தைக்கத்தான் செய்யும்.

கடைக்குப் போகுமுன் இருக்கிற மைக்கிலேயே ஒன்று செய்து பாருங்கள். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல், மூக்கு உயரத்துக்கு ஏற்றி, முகத்துக்குச் சற்றுப் பக்கவாட்டில் திருப்புங்கள். வாயிலிருந்து ஒரு சாண் தூரம். இன்னும் கிட்டப் போனால் அடிக்குரல் பெருகும், விலகினால் குறையும். முதுகுக்குப் பின்னால் இரண்டு கனமான கம்பளிகளைத் தொங்க விடுங்கள். சிமெந்துச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலிதான் பல வீட்டுப் பதிவுகளில் குரலை மெலிய வைக்கிறது. இத்தனைக்கும் பிறகு குரல் கூராகவே இருந்தால் மைக்கை மாற்றுங்கள்.

யூ 47 வகை, சி 12 வகை, 251 வகை என்கிறார்கள். எனக்குக் கட்டைக் குரல், மனைவிக்கு மெல்லிய குரல். எதை வாங்குவது? (நாவலப்பிட்டி)

இந்தப் பெயர்கள் எல்லாம் பழைய மைக்குகளின் பெயர்கள். இன்று விற்கும் டியூப் மைக்குகளில் பெரும்பாலானவை அவற்றின் வழிவந்தவை. யூ 47 நியூமன் 1949இல் கொண்டுவந்தது. நடுக்குரல் நிறைந்து, முன்னால் வந்து நிற்கும். அதிலிருந்த விஎஃப் 14 என்ற டியூப்பை டெலிபங்கன் பிறகு செய்வதை நிறுத்திவிட்டதால், அசல் யூ 47 இன்று நம்மைப் போன்றவர்கள் கனவில்தான் வாங்கலாம். சி 12 ஆஸ்திரியாவின் ஏகேஜி 1953இல் செய்தது. மேல் ஒலிகள் திறந்து, காற்றோட்டமாகக் கேட்கும். ஈஎல்ஏ எம் 251இல் டெலிபங்கன் பெயர் இருந்தாலும் அதைச் செய்து கொடுத்ததும் ஏகேஜிதான். கேப்ஸ்யூலும் சி 12இன் உறவுதான்.

கட்டைக் குரலுக்குக் கனமான மைக் பொருந்தும் என்று தோன்றும். நடப்பது பெரும்பாலும் நேர்மாறு. கட்டைக் குரலுக்கு 251 வகை தெளிவைக் கொடுக்கும். மெல்லிய குரலுக்கு 47 அல்லது 67 வகை சதை கொடுக்கும். இரண்டு பேரும் ஒரே மைக்கில் பாட வேண்டுமென்றால் 67 வகையைப் பாருங்கள், எந்தக் குரலோடும் சண்டை பிடிக்காது. வார்ம் ஓடியோ நிறுவனம் இந்த மூன்று வகைகளையும் நடுத்தர விலையில் செய்கிறது. நியூமன் 2018இல் யூ 67ஐ மறுபடியும் வெளியிட்டது, ஆனால் அதன் விலைக்கு ஒரு ஸ்டூடியோவையே கட்டிவிடலாம்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். கொழும்புக்குப் போய்ப் பார்க்கக் கிடைத்தால் இருவரும் சேர்ந்து போங்கள். வழக்கமாகப் பாடும் ஒரு பாட்டையே ஒவ்வொரு மைக்கிலும் பாடிப் பதிந்து வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து, சத்தத்தை ஒரே அளவில் வைத்துக் கேளுங்கள். கடையில் நின்றபடி கேட்டால், கொஞ்சம் சத்தமாக வருவதுதான் நல்ல மைக் போலத் தோன்றும்.

இணையத்தில் மிக மலிவாக ஒரு டியூப் மைக் பார்த்தேன். உள்ளே செம்மஞ்சள் வெளிச்சம் தெரிகிறது. தனி பவர் சப்ளை இல்லை, மிக்ஸர் மைக் கேபிள் வழியே அனுப்பும் 48 வோல்ட் ஃபாண்டம் பவர் போதுமாம். நம்பலாமா? (பண்டாரவளை)

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஈசிசி 83 போன்ற சாதாரண டியூப் ஒன்றின் இழையைச் சூடாக்க மட்டும் 6.3 வோல்ட்டில் 300 மில்லி ஆம்பியர், அதாவது கிட்டத்தட்ட 2 வாட் வேண்டும். ஃபாண்டம் பவரால் அதில் பத்தில் ஒரு பங்கைக்கூட ஒழுங்காகக் கொடுக்க முடியாது. மிகச் சிறிய டியூப்களை வைத்து ஃபாண்டத்தில் ஓடும் நல்ல மைக்குகள் ஒன்றிரண்டு வந்திருக்கின்றன, அவை மலிவானவை அல்ல. நீங்கள் பார்த்ததில் தெரியும் வெளிச்சம் பெரும்பாலும் எல்ஈடி பல்பாக இருக்கும். வாங்காதீர்கள்.

மழை நாட்களில் என் டியூப் மைக்கில் "டிக், டிக்" என்று வெடிப்பது போல் சத்தம் வருகிறது. வெயில் நாட்களில் ஒன்றுமில்லை. பழுதா? (பொகவந்தலாவ)

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது: ஈரம். நம் ஊரில் மைக் வைத்திருக்கும் எல்லோரும் இதை விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கேப்ஸ்யூலின் முகத்தில் இருப்பது தங்கம் பூசிய ஒரு பிளாஸ்டிக் சவ்வு. தடிப்பு பல மைக்குகளில் 6 மைக்ரோன்தான். அதற்குப் பின்னால், மயிரிழை இடைவெளியில், துளைகள் போட்ட ஒரு பித்தளைத் தகடு. இரண்டுக்கும் இடையில் சுமார் 60 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். அங்கிருந்து டியூப்புக்குப் போகும் வழியில் இருக்கும் ரெசிஸ்டர்கள் நூறு மெகா ஓமிலிருந்து ஒரு கிகா ஓம் வரை. அவ்வளவு பெரிய தடை இருக்கும் இடத்தில் மின்சாரம் கசிய ஒரு துளி ஈரம் போதும். பாடுபவரின் எச்சிலும் தூசியும் அங்கே படிந்திருந்தால் அந்தப் படலம் மூடுபனி நாட்களில் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கசிவு விட்டு விட்டு நடப்பதைத்தான் நீங்கள் "டிக், டிக்" என்று கேட்கிறீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். இறப்பர் விளிம்போடு இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்குங்கள். நிறம் மாறும் சிலிக்கா ஜெல் ஒரு பை போடுங்கள். கூடவே சிறிய ஈரப்பத மானி ஒன்று. முள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்கட்டும். மைக்கோடு வந்த பெட்டியில் பஞ்சு போட்டிருப்பார்கள், அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு சில வருடங்களில் பிசுபிசுவென்று உதிரும். ஆகவே மைக்கை அதிலேயே மூடி அலுமாரிக்குள் விடாதீர்கள். கேமரா வைக்கும் உலர் பெட்டி வாங்க வசதியிருந்தால் இன்னும் நல்லது. பாடி முடிந்ததும் பவரை அணைத்து, மைக் ஆறிய பிறகு உள்ளே வையுங்கள். பாடும்போது வாய்க்கும் மைக்குக்கும் நடுவே வைக்கும் பொப் ஃபில்டர் கட்டாயம் இருக்க வேண்டும். எச்சிலைத் தடுக்க அதைவிட மலிவான வழி இல்லை.

இப்படி இரண்டு மூன்று நாள் உலர்ந்த பிறகு சத்தம் நின்றுவிட்டால் பழுது எதுவும் இல்லை. நிற்காவிட்டால் டியூப்பை மாற்றிப் பாருங்கள். அதற்கும் நிற்காவிட்டால் கேப்ஸ்யூலில் அழுக்குப் படிந்திருக்கிறது, அதைக் கழுவத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். துணியால் துடைப்பது, தலைமயிர் உலர்த்தும் இயந்திரம் பிடிப்பது, அடுப்புப் பக்கத்தில் வைப்பது எல்லாம் சவ்வுக்கு எமன்.

நுவரெலியாவின் குளிரில் கிடந்த மைக்கை கொழும்புக்கோ கண்டிக்கோ கொண்டுபோனால் உடனே பெட்டியைத் திறக்காதீர்கள். கீழே இருக்கும் சூடான ஈரக் காற்று குளிர்ந்த உலோகத்தில் பட்டவுடன் நீர்த்துளியாகிவிடும். மூடியபடியே இரண்டு மணி நேரம் விட்டுவிட்டு, பிறகு திறங்கள்.

எத்தனை நிமிடம் சூடாக வேண்டும்? இரவு முழுக்க அணைக்காமல் விடலாமா? (நுவரெலியா)

சத்தம் ஒரு நிமிடத்திலேயே வந்துவிடும். நிலைக்கு வர 20, 30 நிமிடம் விடுங்கள். ஈரக் காலத்தில் அந்தச் சூடு மைக்கின் உட்புறத்தை உலர்த்தவும் உதவும். இரவு முழுக்க விடத் தேவையில்லை. டியூப் வீணாகத் தேயும்.

சூடு கூடக் கூட ஒலி நன்றாகும் என்று சிலர் நினைக்கிறார்கள். சோனி 1992இல் கொண்டுவந்த சி 800ஜி மைக்கில், இரைச்சலைக் குறைக்க டியூப்பைக் குளிர்விக்கவே தனி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பின்பக்கம் பெரிய உலோகத் தகடுகள் நீட்டிக்கொண்டிருப்பது அதற்குத்தான்.

மாசியில் எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தை ஒழுங்காகப் பதிவு செய்ய ஆசை. தப்பு மேளம், பாட்டு எல்லாம். அதற்கு டியூப் மைக் சரியா? (தலவாக்கலை)

ஆசை மிக நல்ல ஆசை, கட்டாயம் செய்யுங்கள். ஆனால் டியூப் மைக்கை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அதற்குக் கரண்ட் வேண்டும், பாரமான ஸ்டாண்ட் வேண்டும், திறந்த வெளியில் பனியும் காற்றும் அதற்கு ஆகாது. தப்பின் அடி கிட்டத்தில் விழுந்தால் சர்க்யூட் தாங்காமல் உடைந்து கேட்கும். தப்புக்கு எஸ்எம் 57 போன்ற, பலத்த சத்தம் தாங்கும் டைனமிக் மைக் ஒன்றை இரண்டு மூன்று அடி தள்ளி வையுங்கள். கூத்து முழுவதையும் சேர்த்துப் பிடிக்கப் பற்றரியில் ஓடும் சிறிய ஸ்டீரியோ ரெக்கோடர் ஒன்று, காற்றுத் தடுப்புடன். இடத்தை மட்டும் முன்கூட்டியே போய்ப் பாருங்கள். ஜெனரேட்டரும் ஒலிபெருக்கியும் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பிறகு, பாடத் தெரிந்த பெரியவர்களைத் தனியாக வீட்டில் உட்கார வைத்து, தாலாட்டு, ஒப்பாரி, மலைப் பாட்டு எல்லாம் பதிவு செய்யுங்கள். அதற்கும் நான் டியூப் மைக்கைச் சொல்ல மாட்டேன். மெதுவாகப் பாடும் வயதான குரலுக்கு மைக்கின் சொந்த இரைச்சல் குறைவாக இருக்க வேண்டும். ரோட் என்டி 1 போன்ற டியூப் இல்லாத மைக்கில் அது 4.5 டெசிபல்தான். டியூப் மைக்குகளில் பெரும்பாலும் 10க்கு மேல், பலவற்றில் அதைவிடவும் கூட. லயத்துத் தகரக் கூரையில் மழை விழத் தொடங்கினால் எந்த மைக்காலும் ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை என்பதால், தை, மாசி மாதங்களில் காலை நேரத்தைப் பிடியுங்கள். மைக் கிடைக்கவில்லை என்று மட்டும் தள்ளிப் போடாதீர்கள். ஃபோனில் பதிந்தாலும் அந்தப் பாட்டுத் தங்கும்.

ஜப்பானில் இருக்கும் மைத்துனர் பாவித்த டியூப் மைக் ஒன்று கொண்டுவருகிறார். இங்கே அப்படியே மாட்டலாமா? (பதுளை)

மாட்டாதீர்கள். அங்கே 100 வோல்ட், இங்கே 230. முதலில் பவர் சப்ளையின் பின்பக்கத்தைப் பாருங்கள். 115/230 என்று மாற்றும் சுவிட்ச் இருந்தால் 230க்குத் தள்ளி, ஃபியூஸையும் 230க்கு எழுதியிருக்கும் அளவுக்கு மாற்றுங்கள். வழக்கமாக அது பழையதில் பாதி அளவு. சுவிட்ச் இல்லையென்றால் 230ஐ 100 ஆக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்போமர் வேண்டும். எர்த் முனையை ஒருபோதும் வெட்டாதீர்கள். மைக்கையும் பவர் சப்ளையையும் இணைக்கும் பல முனைக் கேபிள் அந்த மைக்குக்கென்றே வருவது, அதையும் மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரத்தில் இடி முழங்கத் தொடங்கினால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே கழற்றி வையுங்கள்.

டியூப்பைப் பழைய ஐரோப்பிய டியூப்பாக மாற்றினால் மைக் வேறு மாதிரி ஆகிவிடும் என்கிறார்களே? (கண்டி)

இரைச்சல் குறையலாம், சிறிய வித்தியாசம் கேட்கலாம். வேறு மைக் ஆகாது. பழைய கையிருப்பு என்ற பெயரில் போலிகளும் நிறைய ஓடுகின்றன. மைக்குக்கென்று இரைச்சல் பார்த்துத் தெரிந்தெடுத்த புது டியூப் ஒன்றை, அதே எண்ணில் வாங்குங்கள். ஈசிசி 83ம் 12ஏஎக்ஸ்7ம் ஒன்றேதான், ஆனால் ஈசிசி 82 அதே காலில் உட்கார்ந்தாலும் வேறு டியூப். போட்ட பிறகு ஒரு நாள் ஓட விட்டு, பென்சில் நுனியால் மைக்கின் உடம்பில் மெல்லத் தட்டுங்கள். "ணங்" என்று நீண்டு ஒலித்தால் அந்த டியூப் மைக்குக்கு ஆகாது.

தவறுதலாக ஃபாண்டம் சுவிட்சையும் போட்டுவிட்டேன். டியூப் மைக் போயிருக்குமா? (ஹப்புத்தளை)

பயப்படாதீர்கள். ஒலியை வெளியே அனுப்பும் டிரான்ஸ்போமர் உள்ள டியூப் மைக்கும் நல்ல கேபிளும் என்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஃபாண்டத்தை அணைத்துவிட்டுப் பதிவு செய்து பாருங்கள். அதைவிடக் கவனிக்க வேண்டியது பல முனைக் கேபிள். பவர் சப்ளை ஓடிக்கொண்டிருக்கும்போது அதைக் கழற்றவோ மாட்டவோ கூடாது. அணைத்து, சில நிமிடம் விட்டு, அதன் பிறகே கை வையுங்கள். பல மைக்குகளில் அந்தக் கேபிளில் போவது 100 வோல்ட்டுக்கு மேல்.