பிரஷர் இறங்கவில்லை என்றால் மாற்றிய கிட்னி போய்விட்டதா?

கேள்வி: நாங்கள் ஏற்காடு நாகலூர். என் கணவருக்குச் சிறுநீரகம் மாற்றி ஏழு மாதம் ஆகிறது. மூன்று மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கவில்லை. கிட்னி வடிகட்ட வேண்டிய கழிவான கிரியாட்டினின், ரத்தத்தில் 1.2-லிருந்து 1.9 ஆகிவிட்டது. ரத்தக்குழாய் சுருக்கமாக இருக்கலாம் என்கிறார் டாக்டர். சேலத்தில் ஸ்கேன் சென்டர் வாசலில் ஒருவர், "இந்தக் கிட்னி அவ்வளவுதான், வேறு ஏற்பாடு செய்கிறேன்" என்கிறார். உண்மையா?

பதில்: இல்லை அம்மா. டாக்டர் சொல்வது சரியானால், கிட்னிக்குப் போகும் ரத்தம்தான் குறைந்திருக்கிறது. மாற்றுச் சிறுநீரகத்தை அடிவயிற்றில் வைத்து, காலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயோடு தைப்பார்கள். தையல் போட்ட இடத்தை ஒட்டிச் சிலருக்குச் சுருங்கும். பெரும்பாலும் மூன்று மாதத்துக்கும் இரண்டு வருடத்துக்கும் இடையில். ரத்தம் குறைந்ததும் சிறுநீரகம் ஏமாந்துபோய் உடம்பின் பிரஷரையே ஏற்றிவிடும். மாத்திரைக்குப் பிரஷர் இறங்காதது அதனால்தான்.

சமீபத்தில் டெல்மிசார்டன், ராமிப்ரில் மாதிரி பிரஷர் மாத்திரை ஏதாவது புதிதாகச் சேர்த்தார்களா? சுருக்கம் இருந்தால் இவையே கிரியாட்டினினை ஏற்றும். நீங்களாக நிறுத்தாதீர்கள், ஆபரேஷன் செய்த டாக்டருக்கு இன்றே போன் போடுங்கள்.

சாதா வயிற்று ஸ்கேன் போதாது, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் வேண்டும். அதில் சுருக்கம் தெரிந்தால், குழாயில் மருந்து செலுத்திப் படம் எடுக்கும் ஆஞ்சியோ. தொடை வழியாகப் பலூன் விட்டு விரித்து ஸ்டென்ட் வைப்பார்கள். பெரும்பாலும் வயிற்றை மறுபடி கிழிக்க வேண்டியதில்லை.

அந்த வாசல்காரருக்கு வருவோம். ஸ்கேனுக்கு ஆள் பிடித்தால் ஒரு கமிஷன், கிட்னிக்கு ஆள் பிடித்தால் பெரிய கமிஷன். 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி கிட்னிக்குப் பணம் கை மாறினால் ஐந்து முதல் பத்து வருடம் சிறை, அபராதம் குறைந்தது 20 லட்சம். வாங்குகிறவரும் மாட்டுவார். இது தெரிந்தும் அந்த ஆட்கள் பட்டப்பகலில் வாசலில் நிற்கிறார்கள், யாரும் கேட்பதில்லை.

ஒன்று மட்டும் வேறு கதை. சிறுநீர் திடீரென்று நின்றாலோ, புதுக் கிட்னி இருக்கும் இடம் வலித்து வீங்கினாலோ, சிறுநீரில் ரத்தம் வந்தாலோ, குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். அதிகமும் முதல் இரண்டு வாரத்தில் வருவது; ஏழு மாதம் ஆயிற்றே என்று அசந்துவிடாதீர்கள். சில மணி நேரத்தில் கிட்னி செத்துவிடும். மலையில் பனிமூட்டம், விடியட்டும் என்று உட்காராதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். படுத்தால் மூச்சு திணறினாலும் அப்படியே. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் "மாற்றுக் கிட்னி" என்று சத்தமாகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முதுகுப் பக்கம் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஆதார் நகல் எங்கே என்பார்கள்.

போகும்போது ஆபரேஷன் குறிப்பு கையில் இருக்கட்டும். எந்தக் குழாயில், எப்படித் தைத்தார்கள் என்று அதில்தான் இருக்கும். வாசல்காரரிடம் அந்த ஃபைலைக் காட்டாதீர்கள்.