அரசுப் படகில் உங்களுக்கும் இடம் உண்டு

கேள்வி: எனக்கு 31 வயது. தஞ்சாவூரில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். ஜனவரியில் எட்டு நாள் தனியாக அந்தமான் செல்ல விமான டிக்கெட் எடுத்துவிட்டேன். தீவுகளுக்கு இடையே அரசுப் படகிலும் உள்ளூர்ப் பேருந்திலும் போய்ச் செலவைக் குறைக்க எண்ணம். நான் விசாரித்த ஏஜென்ட் ஒருவர், அரசுப் படகு தீவுவாசிகளுக்கு மட்டும்தான், வெளியூர்க்காரருக்குக் கிடைக்காது என்கிறார். தனியாக வரும் பெண்ணுக்கு அது சரிப்படாது என்றும் சொல்லி, தனியார் படகு, கார், விடுதி எல்லாவற்றுக்கும் இப்போதே முழுப் பணம் கேட்கிறார். கட்டிவிடலாமா?

பதில்: கட்டாதீர்கள். குறைந்தபட்சம் இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரை கட்டாதீர்கள்.

அவர் சொன்னதில் கால்வாசி உண்மை. அந்தமான் நிர்வாகம் நடத்தும் படகுகளில் தீவுவாசிகளுக்குக் கட்டணம் குறைவு, முன்னுரிமையும் உண்டு. அது நியாயம்தான், மருத்துவமனைக்கும் அலுவலகத்துக்கும் அவர்களுக்கு அதுதான் பேருந்து. மிச்ச இருக்கைகள் நமக்கு. நாம் கொடுப்பது அவர்களுடையதைவிடக் கூடுதலான கட்டணம் என்றாலும், தனியார் விரைவுப் படகோடு ஒப்பிட்டால் நன்றாகவே மிச்சமாகும். இந்தியக் குடிமக்கள் ஹாவ்லாக், நீல் தீவுகளுக்குச் செல்ல அனுமதிச் சீட்டு எதுவும் தேவையில்லை. புகைப்படத்துடன் கூடிய அடையாள அட்டையின் அசல் போதும்.

பிறகு ஏன் "கிடைக்காது" என்கிறார்? அரசுப் படகுக்கான முன்பதிவு பயணத்துக்குச் சில நாள் முன்புதான் திறக்கும். இரண்டு மாதம் முன்னால் தேடினால் ஒன்றும் காட்டாது. காட்டாததை "இல்லை" என்று மொழிபெயர்த்து உங்களிடம் விற்கிறார், அவ்வளவுதான். விமான டிக்கெட்டை ஆறு மாதம் முன்பே எடுக்க முடிகிற ஒரு சுற்றுலாத் தலத்தில், படகு நேரத்தை மட்டும் கடைசி வாரம்வரை யாருக்கும் தெரியாமல் வைத்திருப்பானேன் என்று நீங்கள் கேட்கலாம். நானும் பல வருடமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கடல், வானிலை, படகு பழுது என்று காரணங்கள் சொல்வார்கள். தனியார் படகும் அதே கடலில்தான் ஓடுகிறது. அது மட்டும் எப்படி முன்கூட்டியே டிக்கெட் விற்கிறது? அந்த இடைவெளியில்தான் தரகர்கள் கடை போட்டிருக்கிறார்கள்.

ஆகவே வீட்டிலிருந்தபடியே எட்டு நாளையும் பூட்டுப் போடாதீர்கள். முதல் இரவுக்கு மட்டும் போர்ட் பிளேரில் அறை பதிவு செய்துகொண்டு இறங்குங்கள். (2024 செப்டம்பரிலிருந்து அதன் அரசுப் பெயர் ஸ்ரீ விஜயபுரம். ஹாவ்லாக் 2018 முதல் சுவராஜ் தீவு, நீல் ஷஹீத் தீவு. சில இடங்களில் பழைய பெயர், சில இடங்களில் புதிய பெயர் என்று இருக்கும். பயணச்சீட்டில் வேறு பெயரைப் பார்த்துப் பதறிவிடாதீர்கள்.) அந்தமான் நிர்வாகத்தின் கப்பல் துறை இணையத்தளத்தில் இடம் இருந்தால் அதிலேயே எடுங்கள். இல்லாவிட்டால் ஃபீனிக்ஸ் பே படகுத்துறையின் டிக்கெட் கவுண்டருக்குக் காலையிலேயே போய்விடுங்கள். வரிசை நீளமாக இருக்கும், விவரம் கேட்டால் எரிந்து விழவும் கூடும். படிவத்தை முன்பே நிரப்பி, அடையாள அட்டை நகலையும் சில்லறையையும் கையில் வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஹாவ்லாக்குக்கு இடம் இல்லை என்று கவுண்டரில் சொன்னால் திரும்பி வராதீர்கள். நீலுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். கூட்டம் முழுக்க முதலில் ஹாவ்லாக், பிறகு நீல் என்ற வரிசையில்தான் போகிறது. நீங்கள் தலைகீழாகச் சுற்றினால் என்ன குறைந்துவிடும்? போர்ட் பிளேர், நீல், ஹாவ்லாக் மூன்றுக்கும் இடையே முக்கோணமாகப் படகு ஓடுகிறது. தனியாகப் போகிறவருக்கு இது பெரிய வசதி: ஓர் இருக்கை கிடைத்தால் போதும். நான்கு பேர் குடும்பம் நான்கு இருக்கை தேடித் திண்டாடும்போது நீங்கள் ஏறிவிடலாம்.

போர்ட் பிளேரிலிருந்து ஹாவ்லாக்குக்கு அரசுப் படகில் சுமார் இரண்டரை மணி நேரம், விரைவுப் படகில் ஒன்றரை. அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவ்வளவு கூடுதல் பணம். உள்ளே குளிர்சாதனம் பலமாக இருந்தால் ஒரு சால்வை உதவும். வாந்தி வருகிறவரானால் மாத்திரையைப் படகில் ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். தலை சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டுப் பலனில்லை.

இனி டிக்கெட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. படகுத்துறைக்கு வெளியே உங்களைத் தேடி வந்து, "இப்போதே ஒரு டிக்கெட் இருக்கிறது" என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள். டிக்கெட் பெயரில்தான் கொடுக்கப்படுகிறது, ஏறும்போது அடையாள அட்டையும் பார்ப்பார்கள். வேறொருவர் பெயரில் உள்ள சீட்டைக் கொடுத்து, "சொல்லிவிட்டேன், விட்டுவிடுவார்கள்" என்பது பழைய வித்தை. அவர் சொல்லியிருக்கமாட்டார், நீங்கள் துறையில் நிற்பீர்கள். தனியார் படகு தேவைப்பட்டாலும் அந்த நிறுவனத்தின் தளத்திலேயே உங்கள் பெயரில், உங்கள் கைப்பேசி எண்ணில் எடுங்கள். படகு ரத்தானால் பணம், டிக்கெட் எடுத்தவரின் கணக்குக்குத்தான் திரும்பும். எடுத்தவர் ஏஜென்ட் என்றால் அதன் பிறகு அவர் கைப்பேசியை எடுப்பாரா என்பது அவரவர் ஜாதகம். எந்தத் துறையிலிருந்து புறப்படுகிறது என்பதையும் சீட்டில் பாருங்கள். தனியார் படகுகள் பெரும்பாலும் ஹாடோ துறையிலிருந்து கிளம்புகின்றன, ஃபீனிக்ஸ் பேயில் போய் நின்றால் படகு போய்விடும்.

தனியார் படகு வேண்டாம் என்று நான் சொல்வதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மிச்சம் பிடித்த பணம் மொத்தமும் போவது இங்கேதான். நீங்கள் ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளாகிவிட்டது, இன்னும் ஹாவ்லாக்கிலோ நீலிலோ இருக்கிறீர்கள், அரசுப் படகில் இடம் உறுதியாகவில்லை. அப்போது கணக்குப் பார்க்காமல் தனியார் டிக்கெட் எடுத்துவிடுங்கள். விமானம் சென்னைவரைதான், அங்கிருந்து தஞ்சாவூருக்கு ரயிலும் பதிவு செய்திருக்கிறீர்கள் என்றால் இன்னும் கண்டிப்பாக. ஆனால் விமானத்துக்கு இரண்டு இரவு இடைவெளி விட்டிருந்தால் இந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தாது. மறுநாள் அரசுப் படகுக்கு முயலலாம், பணம் உங்களுடையது. விமானம் புறப்படும் அதே நாளில் காலைப் படகில் வந்து பிடித்துவிடலாம் என்பவர்களுக்கு எந்த விலக்கும் கிடையாது, தனியார் படகாக இருந்தாலும் செய்யாதீர்கள். கடல் கொந்தளித்துத் துறைமுகம் படகுகளை நிறுத்தினால் இரண்டு வகையும்தான் நிற்கும். 2016 டிசம்பரில் புயல் சின்னம் வந்தபோது ஹாவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் சிக்கிக்கொண்டு, கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் மீட்டன. ஜனவரியில் கடல் பொதுவாக அமைதிதான். இருந்தாலும் கடைசி இரண்டு இரவையும் போர்ட் பிளேரில் வைத்துக்கொள்ளுங்கள். செல்லுலார் சிறையையும் ராஸ் தீவையும் அப்போது பார்க்கலாம்.

பேருந்து பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹாவ்லாக்கில் படகுத்துறையிலிருந்து ஏழாம் எண் கிராமமான ராதாநகர் கடற்கரைக்குச் சுமார் 12 கிலோமீட்டர், பேருந்து உண்டு, கட்டணம் மிகக் குறைவு. ஆட்டோக்காரர் "பேருந்தே கிடையாது" என்பார்; கடைக்காரரைக் கேளுங்கள். திரும்பும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே நடத்துனரிடம் கேட்டு வைத்துக்கொள்வது மட்டும் அவசியம். அங்கே கடிகாரம் நம் நேரத்தில் ஓடினாலும் சூரியன் ஓடுவதில்லை: ஜனவரியில் மாலை ஐந்தரைக்கெல்லாம் அஸ்தமித்துவிடும். நீல் சின்னத் தீவு, வாடகைச் சைக்கிள் போதும். தமிழ் பேசுகிறவர்கள் அந்தமானில் ஏராளம். தனியாக வரும் பெண் என்ற கவலைக்கும் என் பதில் இதுதான்: அரசுப் படகில் உங்களைச் சுற்றி இருப்பவர்கள் காய்கறி மூட்டையோடும் குழந்தைகளோடும் வரும் குடும்பங்கள். அந்த ஏஜென்ட் அனுப்பும், உங்களுக்கு முன்பின் தெரியாத கார் ஓட்டுநரைவிட அது எந்த விதத்தில் சரிப்படாமல் போகும் என்று அவரையே கேளுங்கள்.

அந்த ஏஜென்ட் விற்கும் தொகுப்பில் "பாராடாங் ஒரு நாள்" இருக்கிறதா என்று பாருங்கள், அநேகமாக இருக்கும். பாராடாங் தீவுக்குப் போகும் சாலை ஜராவா பழங்குடியினரின் காப்பகத்துக்கு நடுவே போகிறது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வாகனங்களைக் காத்திருக்க வைத்து, குறித்த நேரத்தில் அணிவகுப்பாகத்தான் விடுவார்கள். அங்குள்ள சுண்ணாம்புக் குகையைக் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டு, "வழியில் ஜராவாவைப் பார்க்கலாம்" என்று காதோரம் சொல்லும் ஏஜென்ட்கள் இன்னும் இருக்கிறார்கள். மனிதர்களைப் பார்வைப் பொருளாக்கும் இந்த வியாபாரம் அருவருப்பானது. படம் எடுத்தாலோ உணவு கொடுத்தாலோ நீங்களே சிறைக்குப் போக நேரலாம். அந்தச் சாலையைக் காப்பகப் பகுதியில் மூடும்படி 2002-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சாலை இன்றும் ஓடுகிறது. எட்டு நாளில் உங்களுக்கு அது தேவையே இல்லை. வடக்கே ரங்கத், திக்லிபூர்வரை பிறகொரு முறை போவதாக இருந்தாலும் ரங்கத்துக்குக் கடல் வழியாக அரசுப் படகு இருக்கிறது, அதில் போங்கள்.

இப்போது அந்த ஏஜென்டிடம் ஒன்று செய்யுங்கள். படகு டிக்கெட்டை மட்டும், உங்கள் பெயரில், நிறுவன விலையில் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். தொகுப்பாகத்தான் தருவேன் என்பார். ஊருக்கு வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்துவிடுங்கள்.