குருத்தெலும்புச் செல் எப்போது முதிர்கிறது?

வளர்ச்சித் தட்டில் (எலும்பு நுனிக்கருகே நீளம் கூட்டும் குருத்தெலும்பு அடுக்கில்) ஒரு செல் பிரிவதை நிறுத்தி முதிரத் தொடங்குவதை எந்த மரபணு தீர்மானிக்கிறது? (முதுகலை மாணவி, ஏற்காடு)

ஒன்றை மட்டும் கைகாட்ட முடியாது. சாக்ஸ்9 என்ற மரபணு ஓங்கியிருக்கும்வரை செல், குருத்தெலும்பின் கட்டுமானப் பொருள்களான இரண்டாம் வகை கொலாஜனையும் அக்ரிகனையும் செய்துகொண்டிருக்கும். ரன்எக்ஸ்2 என்ற இன்னொரு மரபணு வலுத்ததும் செல் உப்பும். முதிர்ச்சியின் அடையாளமான பத்தாம் வகை கொலாஜனும் பிறகு கொலாஜனை வெட்டும் எம்எம்பி13 நொதியும் தலைகாட்டும். நடுவில் பிரேக் போடுவது பிடிஎச்ஆர்பி என்ற சுரப்புப் புரதம். உப்பத் தயாராகும் செல்கள் இந்தியன் ஹெட்ஜ்ஹாக் புரதத்தைச் சுரக்க, அது எலும்பு நுனியில் பிடிஎச்ஆர்பியைக் கூட்டுகிறது. அதன் வீச்சுக்குள் இருக்கும் செல்கள் பிரிந்துகொண்டே இருக்கும், தாண்டியவை முதிரும்.

ஏடிடிசி5 செல்களில் (ஆய்வகத்தில் குருத்தெலும்பாக மாறும் சுண்டெலிச் செல்கள்) 21ஆம் நாளும் பத்தாம் வகை கொலாஜன் ஏறவில்லையே? (ஆய்வு மாணவர், சேலம்)

முதலில் இரண்டாம் வகை ஏறியதா என்று பாருங்கள். அதுவே ஏறாவிட்டால் கோளாறு தொடக்கத்தில்தான்: செல்கள் வளர்ப்புக் கிண்ணத்தை நிறைப்பதற்குள், மாற்றத்தைத் தூண்டும் இன்சுலினைச் சேர்த்திருப்பீர்கள், அல்லது அளவு 10 மைக்ரோகிராம்/மி.லி.க்குக் குறைந்திருக்கும். அது ஏறியிருந்தால் 21ஆம் நாளில் ஆல்ஃபா எம்இஎம் என்ற வளர்ப்பு ஊடகத்துக்கு மாற்றி, கார்பன் டை ஆக்சைடை 5-லிருந்து 3 சதவீதமாகக் குறைத்து, இன்னும் சில நாள் பொறுங்கள்.

அளவிடுவதற்காகச் செல்லிலிருந்து பிரித்த ஆர்என்ஏவையும் சந்தேகியுங்கள். குருத்தெலும்பின் பசைப்பொருளான புரோட்டியோகிளைக்கன் கலந்து வந்தால் 260/230 விகிதம் (ஒளி உறிஞ்சலில் தூய்மை காட்டும் அளவு) விழும், ஆர்என்ஏவை சிடிஎன்ஏ என்ற டிஎன்ஏ நகலாக ஆக்கும் நொதி திணறும். ஆர்என்ஏ பிரிக்கும் கரைசலான ட்ரைசால் 1 மி.லி.க்கு 0.25 மி.லி. ஐசோபுரோப்பனாலும், 0.8 மோலார் சோடியம் சிட்ரேட்டும் 1.2 மோலார் சோடியம் குளோரைடும் கலந்த கரைசல் 0.25 மி.லி.யும் சேர்த்துப் படியவைத்தால் அந்தப் பசை கரைசலிலேயே தங்கிவிடும்.

எங்கள் போர் தண்ணீரில் ஃபுளோரைடு 2.4 மி.கி. பையனுக்கு முட்டி தட்டுகிறது. கொதிக்கவைத்துக் கொடுத்தால் போதுமா? (ஓமலூர்)

போதாது, நீர் ஆவியாகி ஃபுளோரைடு இன்னும் செறியும். லிட்டருக்கு 1 மி.கி.தான் ஏற்ற அளவு, வேறு நீரே இல்லாத இடத்தில் 1.5 வரை. குடிக்க மட்டுமல்ல, உலை வைக்கவும் வேறு தண்ணீர் எடுங்கள். ஆனால் எல்லாப் பழியையும் ஃபுளோரைடின் மேல் போட்டுவிடாதீர்கள். ரிக்கெட்ஸ் என்ற எலும்பு மென்மை நோயிலும் முட்டி தட்டும்: பாஸ்பேட் குறைந்தால் உப்பிய செல்கள் உரிய நேரத்தில் மடியாமல் குவிந்து, வளர்ச்சித் தட்டு தடித்துவிடும். முழங்கால், மணிக்கட்டு எக்ஸ்ரேயோடு கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ், வைட்டமின் டி பார்க்கச் சொல்லி எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள்.

மகளுக்கு 17 வயது. உயரம் கூட்டும் பவுடர் பலன் தருமா? (அம்மாபேட்டை)

தராது. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் வளர்ச்சித் தட்டை மூடிவிட்டால் எந்தப் பவுடரும் திறக்காது. ஆண்பிள்ளைகளுக்கும் மூடுவது அதே ஹார்மோன்தான். இடது கை எக்ஸ்ரேயில் எலும்பு வயது தெரிந்துவிடும்.