பிரிட்டனின் லிபரல் டெமாக்ரட் கட்சி எம்.பி.க்கள் பட்டியல்: கேள்வி பதில்

கேள்வி: 2024 தேர்தலில் 71 என்கிறது ஒரு பட்டியல், 72 என்கிறது இன்னொன்று. எது சார் சரி?

பதில்: 72. இன்வெர்னஸ், ஸ்கை அண்ட் வெஸ்ட் ராஸ்-ஷயர் என்ற தொகுதியில் மறுஎண்ணிக்கை நடந்து, ஜூலை 6 அன்றுதான் முடிவு வந்தது. முந்தைய நாள் பட்டியலில் ஒன்று குறையும். எந்த எண்ணுக்கும் பக்கத்தில் தேதி போடுங்கள்.

கேள்வி: சார்ல்ஸ் கென்னடி 1983-லேயே எம்.பி. கட்சி பிறந்ததோ 1988-ல். எந்த வருஷத்தைப் போட?

பதில்: இரண்டையும், தனித்தனிக் கட்டத்தில். அவைக்கு வந்தது 1983, எஸ்.டி.பி. (சோஷியல் டெமாக்ரடிக் கட்சி) சார்பில். இந்தக் கட்சிக்கு வந்தது 1988 மார்ச், எஸ்.டி.பி.யும் லிபரல் கட்சியும் இணைந்தபோது. தொகுதிப் பெயரும் மாறிக்கொண்டே வந்தது: முதலில் ராஸ், க்ரோமார்ட்டி அண்ட் ஸ்கை, 1997-ல் ராஸ், ஸ்கை அண்ட் இன்வெர்னஸ் வெஸ்ட், 2005-ல் ராஸ், ஸ்கை அண்ட் லொக்காபர். ஆள் ஒருவர், வரி மூன்று.

இந்த இணைப்பில் இன்னொரு பொறி உண்டு. 1987 தேர்தலில் இந்த இரு கட்சிக் கூட்டணிக்கு 22 இடம்: லிபரல் 17, எஸ்.டி.பி. 5. அந்த ஐவரில் கென்னடியும் ராபர்ட் மக்லெனனும் மட்டுமே வந்தார்கள். டேவிட் ஓவன், ஜான் கார்ட்ரைட், ரோஸி பார்ன்ஸ் வரவில்லை. ஆக, தொடக்கம் 19. ஈஸ்ட்போர்ன் (1990), ரிப்பிள் வேலி, கின்கார்டின் அண்ட் டீசைட் (1991) இடைத்தேர்தல்களில் மூன்று கூடி, 1992-ல் அவை கலைந்தபோது மறுபடி 22. எண் பொருந்துகிறதே என்று 1987 பட்டியலை நகலெடுத்தால் ஓவன் உள்ளே, ஈஸ்ட்போர்னில் வென்ற டேவிட் பெல்லோட்டி வெளியே.

கேள்வி: தமிழ் எம்.பி. உமா குமரன் பெயர் இல்லையே?

பதில்: அவர் லேபர் (தொழிலாளர் கட்சி).

கேள்வி: 2015-ல் தோற்றவர்களுக்குக் கடைசி நாள் மே 7 தானே?

பதில்: மார்ச் 30. அவை கலைந்ததுமே எம்.பி. பதவி போய்விடும், அதன்பின் அவர்கள் வெறும் வேட்பாளர்கள்.

கேள்வி: 2019-ல் கட்சி தாவி வந்த சுக்கா உமுன்னா, ஹைடி ஆலன் முதலான எட்டுப் பேரை ஏன் சேர்க்கிறீர்கள்? இந்தக் கட்சி வேட்பாளராக ஒருவர்கூட ஜெயித்ததில்லை!

பதில்: பட்டியல் எம்.பி.க்களுக்கானது, ஜெயித்தவர்களுக்கு மட்டுமானது அல்ல. எந்தக் கட்சிக் கொறடாவின் கீழ் அவையில் அமர்ந்தார் என்பதுதான் அளவுகோல். ‘வந்த வழி’ என்று ஒரு கட்டம் வைத்து பொதுத்தேர்தல், இடைத்தேர்தல், கட்சி மாற்றம் என்று குறியுங்கள்.

மறுப்பு: வாக்காளர் தந்தது வேறு கட்சிக்கு. இது பட்டியலை ஊதிக் காட்டும் வேலை.

பதில்: அப்படியானால் 1995-ல் கன்சர்வேட்டிவிலிருந்து வந்த எம்மா நிக்கல்சனையும் நீக்கவேண்டும்; அவரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. வெற்றி மட்டுமே வேண்டுமென்றால் அந்தக் கட்டத்தை வடிகட்டிக்கொள்ளுங்கள். அழித்துவிட்டால் அடுத்தவரால் மீட்க முடியாது.

இன்னொருவர்: ஸ்டீபன் லாய்ட் 2017-ல் இந்தக் கட்சியில் ஜெயித்தார், 2018 டிசம்பரில் கட்சிக் கொறடாவிடமிருந்து விலகித் தனியாக அமர்ந்தார், 2019-ல் திரும்பினார். அவர் எந்தக் கணக்கு?

பதில்: நல்ல கேள்வி. இரண்டு வரி, நடுவில் இடைவெளி. வெற்றியை மட்டும் பார்க்கிறவருக்கு அந்த இடைவெளியே தெரியாது.

கேள்வி: 2010-ல் தோற்றவர்களுக்கு மே 6 போடலாமா?

பதில்: மேலே படியுங்கள். ஏப்ரல் 12.

கேள்வி: கிறிஸ் டேவிஸ் 1995-ல் வந்து 2019-ல் பதவி இழந்தார் என்று ஒரே வரியில் இருக்கிறது.

பதில்: அது இரண்டு பேர். லிட்டில்பரோ அண்ட் சாடில்வொர்த்தில் 1995-ல் வென்றவர் நம் ஆள். ப்ரெகன் அண்ட் ராட்னர்ஷயரில், வாக்காளர்கள் எம்.பி.யைத் திரும்ப அழைக்கும் மனுவால் 2019-ல் பதவி இழந்தவர் கன்சர்வேட்டிவ். அதனால் வந்த இடைத்தேர்தலில் அவரைத் தோற்கடித்த ஜேன் டாட்ஸ் நம் பட்டியலில் வருவதால் குழப்பம் கூடுகிறது. பெயரை வைத்து இணைக்காதீர்கள். ஆளுக்கு ஒரு எண் கொடுத்து அதை வைத்து இணையுங்கள். ஆஞ்சலா ஸ்மித்துக்கும் இதே பாடு: பாசில்டன் லேபர் எம்.பி. ஒருவர், பெனிஸ்டன் எம்.பி.யாக இருந்து 2019-ல் இந்தக் கட்சிக்கு வந்தவர் வேறு ஒருவர்.